நிலாவெளி மணலில் கறுப்பு ராஸ்பெரி: விதைப்பொதி வாங்கலாமா?

நிலாவெளிக்கிணறு

20 பேர்ச் காணி, கடலிலிருந்து அரைக் கிலோமீற்றர் இருக்கும். முழுக்க மணல் தரை. கிணற்றுத் தண்ணி மாரியில் நல்லது, ஆவணி மட்டில் கொஞ்சம் கரிக்கும். இதில் கறுப்பு ராஸ்பெரி வைக்கலாமா? இணையத்தில் விதைப்பொதி விற்கிறார்கள். ஏழு நாளில் முளைக்குமாம், எந்தக் காலநிலைக்கும் ஏற்றதாம். இன்னொன்று, பின்வேலியில் ஒரு முள்ளுப் பற்றை நிற்கிறது. பழம் கறுப்பு, மணி மணியாகச் சேர்ந்து கிடக்கிறது. அதுவும் இதே இனமா? படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கோ.

உப்பாற்றங்கரை

படத்தில் நிற்பது நாயுண்ணி. எட்ட நின்று பார்த்தால் ராஸ்பெரி மாதிரித்தான் தெரியும், கனபேர் ஏமாறுகிற இடம் இது. ஒரு கொத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கோ. ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பழம், மினுங்கல் கறுப்பு, உள்ளே ஒரு கல். இழுத்தால் மணி மணியாகக் கழரும். ராஸ்பெரியில் மணிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தொப்பியாகக் கையில் வரும். தண்டையும் பாருங்கோ: நாயுண்ணித் தண்டு நாலு மூலை, இலை எதிரெதிராகச் சோடியாக இருக்கும், கசக்கினால் மூக்கில் ஏறுகிற மணம். ராஸ்பெரியில் இலை மாறி மாறி வரும், மூன்று அல்லது ஐந்து சிற்றிலையாகப் பிரிந்திருக்கும், அடிப்பக்கம் வெள்ளை. பூ வெள்ளை, ஐந்து இதழ். மஞ்சளும் றோசாவும் கலந்த பூ என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நாயுண்ணியின் பச்சைக் காய் நஞ்சு. ஆடு மாடு இலையைத் தின்றாலும் ஈரல் கெடும். பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் வேலியிலிருந்து வேரோடு எடுத்து விடுங்கோ.

ஸ்காபரோத் தோட்டம்

விதைப்பொதியை மறந்து விடுங்கோ தம்பி. ராஸ்பெரி விதையின் ஓடு கல்லு மாதிரி. நாற்றுமேடைக்காரர் அந்த ஓட்டை அமிலத்தில் அல்லது உரசித் தேய்த்து மெலிதாக்கி, பிறகு இரண்டு மூன்று மாதம் வெதுவெதுப்பான ஈரத்தில், அதற்குப் பிறகு இன்னொரு மூன்று மாதம் 2 முதல் 5 பாகை குளிரில் வைத்துத்தான் முளைக்க வைப்பார்கள். அப்படியும் ஒரே சீராக முளைக்காது. ஏழு நாளில் முளைத்தால் அது வேறு ஏதோ விதை.

முளைத்தாலும் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. கறுப்பு ராஸ்பெரி, அதாவது ரூபஸ் ஒக்சிடென்டாலிஸ், வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் காட்டுச் செடி. அதன் வேர்க்கட்டை பல வருசம் இருக்கும், தடியின் ஆயுள் இரண்டு வருசம். முதல் வருசத் தடி இலை மட்டும் விடும். குளிர்காலத்தில் இலை கொட்டி உறங்கும். அடுத்த வருசம் அதே தடியின் மொட்டுகள் பூத்துக் காய்த்து, காய்ப்போடு தடி சாகும். நடுவில் அந்த உறக்கம் இல்லையென்றால் மொட்டு ஒழுங்காகத் திறக்காது. 7 பாகைக்குக் கீழே ஏறக்குறைய 800 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேணும் என்பது பொதுக் கணக்கு. திருகோணமலையில் மார்கழி, தை இரவில்கூடப் பெரும்பாலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்காது. அந்த 800இல் உங்களுக்குக் கிடைப்பது பூச்சியம்.

மூதூர்க்கரை

வேரடியில் ஐஸ் கொட்டினால் காய்க்கும் என்று ஒரு காணொளி ஓடுகிறதே?

ஸ்காபரோத் தோட்டம்

குளிர் வேண்டியது வேருக்கு அல்ல, தடியில் இருக்கிற மொட்டுக்கு. அதுவும் ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் இல்லை, வாரக்கணக்கில். ஐஸ் உருகி அரை மணியில் மண் பழைய சூட்டுக்கு வந்து விடும். சட்டியோடு தூக்கிக் குளிர்அறையில் ஆறேழு வாரம் வைத்தால் கணக்குச் சரி வரலாம், மீன் வாடிக்காரர் யாரும் இடம் தருவார்களா என்று கேளுங்கோ!

மலைநாட்டு மண்

இனத்தை மாற்றினால் கதை மாறும். தென்னிந்திய மலைகளிலும் இமயமலைச் சரிவிலும் வளர்கிற ரூபஸ் நிவியஸ், மைசூர் ராஸ்பெரி என்று சொல்லுவது, பழுத்தால் கருநீலமாக மேலே வெண்சாம்பல் படிந்து வரும். கறுப்பு ராஸ்பெரிக்கு மிகக் கிட்டின உருவம். குளிர் உறக்கம் கேட்காது. அமெரிக்காவின் தென் புளோரிடாவில் கடல்மட்டத்திலேயே வீட்டுத் தோட்டத்தில் காய்க்கிறது. உறைபனிதான் அதற்கு ஆகாது, அந்தப் பயம் நமக்கு இல்லை.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்ட வழியோரத்தில் மஞ்சள் பழம் காய்க்கிற காட்டு ராஸ்பெரி ஒன்று உண்டு, தண்டு முழுக்கச் செம்மயிர். அது ரூபஸ் எலிப்டிகஸ். பழம் இனிப்பு, ஆனால் சூட்டுக்கு ஆகாது. கடற்கரைக்குக் கொண்டு போய் மெனக்கெட வேண்டாம்.

1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலேயே உறைபனி விழுவது தையிலும் மாசியிலும் சில விடியற்காலைகளில்தான். ஸ்ட்ரோபெரிக்கு அந்தக் குளிர் போதும், அசல் கறுப்பு ராஸ்பெரிக்கு அதுவும் காணாது. ஹோட்டன் சமவெளிக்குள் காட்டு ராஸ்பெரியைக் கண்டால் கை வைக்க வேண்டாம், தேசிய பூங்காவுக்குள் செடி, விதை, பழம் எதையும் எடுப்பது குற்றம்.

நிலாவெளிக்கிணறு

அப்ப மைசூர் ராஸ்பெரிக்குத் தரையா சட்டியா? வெளிநாட்டிலிருந்து வருகிற ஆக்களிடம் ஒரு தடி கொண்டுவரச் சொல்லலாமா?

மலைநாட்டு மண்

இரண்டாவதுக்கு முதலில் பதில்: கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதையோ தடியோ கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேணும். கட்டுநாயக்காவில் இருக்கிற தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம்தான் சோதித்து விடும். பயணப் பையில் சுருட்டிக் கொண்டுவந்தால் பறிமுதல். செடி போவது பரவாயில்லை, அதோடு வருகிற வைரசும் பூஞ்சணமும் மலைநாட்டுத் தோட்டத்துக்குள் போனால் யார் பிடிப்பது? உள்ளூர் நாற்றுமேடையில், தாய்ச்செடியைக் காட்டி விற்கிற இடத்தில் மட்டும் வாங்குங்கோ.

சட்டிதான். காரணம் உப்பு. ராஸ்பெரிக் குடும்பம் உப்புக்கு மிகவும் ஒவ்வாத கூட்டம். பிளாக்பெரிக்கே மண்சாற்றின் மின்கடத்து திறன், அதாவது உப்பைக் காட்டுகிற அளவு, மீற்றருக்கு 1.5 டெசிசீமன்சைத் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கும். ஆவணியில் நாக்குக்குக் கரிக்கிற தண்ணி அதையெல்லாம் எப்பவோ தாண்டியிருக்கும். அறிகுறி இலை ஓரத்தில் தெரியும்: நுனியிலிருந்து உள்ளே காய்ந்து கபில நிறமாகும், நரம்புப் பக்கம் பச்சையாகவே நிற்கும். அதைத் தண்ணிப் பஞ்சம் என்று நினைத்து அதே கிணற்றுத் தண்ணியை இன்னும் ஊற்றினால் செடி ஒரு மாதம் தாங்காது.

நீலப் பிளாஸ்ரிக் பெரலைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு சட்டி. ஒவ்வொன்றிலும் 50 லீற்றருக்குக் குறையாமல் மண் பிடிக்க வேணும். அடியில் விரல் மொத்தத்தில் எட்டுத் துளை, பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இன்னும் நாலு. பக்கத் துளையை விட்டு விடாதேயுங்கோ. மாரியில் அடித்துளை மணலில் பதிந்து அடைபட்டாலும் பக்கத்தால் வடியும். கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கின கூட்டெரு இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, உமிக்கரி அரைப்பங்கு. தும்புத்தூளை மழைத்தண்ணியில் மூன்று தரம் ஊற வைத்துப் பிழிந்து விட்டுச் சேருங்கோ. கடலோரத்தில் ஊறப்போட்ட மட்டையின் தூளில் உப்பு ஏறி இருக்கும்.

உப்பாற்றங்கரை

இதில் நான் கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன். தென் புளோரிடாவில் குளிர்காலத்தில் சூடு இறங்கும், காற்றும் ஈரம். நமக்கு வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து வறண்டு அடிக்கிற கச்சான் காற்று. அந்த நாலு மாதம் மெல்லிய இலைச் செடி எதுவானாலும் பகல் முழுக்கத் தொங்கிக் கொண்டு நிற்கும். 33, 34 பாகையில் மகரந்தமும் ஒழுங்காகப் பிடிக்காது. பழம் வந்தாலும் பாதி மணி காய்ந்து, பிடித்தால் பொடியாக உதிரும். காய்க்கும் என்று நம்பி முழு வேலியும் நடுகிற வேலை வேண்டாம். இரண்டு சட்டி வைத்து ஒரு முழு வருசம் பாருங்கோ.

மலைநாட்டு மண்

உண்மைதான். அதனால்தான் பருவத்தைத் திருப்பிப் பிடிக்க வேணும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த கையோடு நடுங்கோ. கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் மழைத்தண்ணியில் தடி ஓடட்டும். பூவும் பழமும் மாசியிலிருந்து சித்திரைக்குள் முடிய வேணும், அதுதான் கணக்கு. கச்சான் தொடங்க முதல் காய்த்த தடிகளை அடியோடு வெட்டி, புதுத் தடி மூன்றை மட்டும் விட்டு, சட்டியை நிழலுக்கு நகர்த்துங்கோ. மேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி. தகரம் வேண்டாம், சூட்டைத் திருப்பி அடிக்கும். கிடுகு காற்றை வடிகட்டி விடும். மேலே 50 வீத நிழல்வலை. காலை வெயில் பத்து மணி வரைக்கும் நேரடியாக விழட்டும்.

தண்ணிக்குக் கூரைப் பீலியிலிருந்து ஒரு 1,000 லீற்றர் தாங்கி. இரண்டு சட்டிக்கு நாளுக்கு 6 முதல் 8 லீற்றர் என்று கணக்குப் பார்த்தால் நாலு மாத வறட்சிக்கு அது சரியாகக் காணும். தாங்கி முடியப் போகிற நேரத்தில் கிணற்றுத் தண்ணி கலந்தே ஆக வேணும் என்றால், கிழமைக்கு ஒரு தரம் மழைத்தண்ணியை அடியால் ஓட ஓட ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கோ. பிரதேச விவசாயப் போதனாசிரியரைப் பிடித்தால் தண்ணியைச் சோதிக்க வழி சொல்லுவார்.

முள் வளைந்து பின்பக்கம் பார்க்கும். நுழைத்த கையை நேரே இழுத்தால் கிழிக்கும். முதலில் முன்னுக்குத் தள்ளி, பிறகு விலக்கி எடுக்க வேணும். தடித்த தோல் கையுறை இல்லாமல் வெட்டப் போகாதேயுங்கோ. ஒரு எச்சரிக்கையும்: கலாபகோஸ் தீவுகளிலும் ஹவாயிலும் இந்தச் செடி காடாகிப் போய் அழிக்க முடியாமல் நிற்கிறது, பறவை விதையைப் பரப்புகிறது. கடற்கரை வறட்சியில் அந்த அளவு பரவாது, ஆனால் மலைநாட்டில் நடுகிறவர்கள் வலை போடாமல் காய்க்க விட வேண்டாம்.

ஒன்ராறியோக் கரையான்

தலைப்பு கறுப்பு ராஸ்பெரி என்றபடியால், குளிர் ஊரில் இருக்கிற நம்ம ஆக்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். தெற்கு ஒன்ராறியோவில் யூன் கடைசியிலிருந்து யூலை நடுப்பகுதி வரைக்கும் பழம். காட்டோரம், பழைய ரயில் பாதை, கைவிட்ட வயல் வேலி: அரை நிழலும் கிளறின மண்ணும் உள்ள இடம்தான் தேட வேண்டியது. நடுக்காட்டில் கிடையாது. செடியை வெறும் தடியிலேயே அறியலாம். பனங்கிழங்குத் தோல் மேலே சுண்ணாம்பு பூசினது மாதிரி ஊதாத் தடியில் நீலவெள்ளைச் சாம்பல், விரலால் தேய்த்தால் போகும். தடி வில்லாக வளைந்து நுனி மண்ணைத் தொட்டு அங்கேயே வேர் பிடிக்கும். பிளாக்பெரித் தடியில் அந்தச் சாம்பல் இல்லை, தடி மூலை மூலையாக இருக்கும். பழத்தில் சோதனை இன்னும் சுலபம்: பறித்ததும் உள்ளே வெற்றாக இருந்தால் ராஸ்பெரி, வெள்ளை நடுத்தண்டு பழத்தோடு வந்தால் பிளாக்பெரி. சிவப்பாக இருக்கும்போது பறிக்க வேண்டாம், அது பழுக்காத கறுப்பு ராஸ்பெரி. மினுக்கம் குறைந்து, தொட்ட உடனே கையோடு வருவதுதான் பழுத்தது. கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு நாள்.

அதே ஓரத்தில்தான், தொட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கிற பொய்சன் ஐவியும் நிற்கும். அதுவும் மூன்று சிற்றிலை. முள் இல்லை, இலையின் அடி வெள்ளை இல்லை, நடு இலைக்கு நீளமான காம்பு. முள்ளைக் கண்டு உறுதிப்படுத்தாமல் கையை உள்ளே விட வேண்டாம். காற்சட்டையைக் காலுறைக்குள் விடுங்கோ. கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமயிர் ஓரம் பார்க்க வேணும். ரொறன்ரோ நகரப் பூங்காக்களில் பறிக்க நகரச் சட்டம் இடம் தராது. தனியார் காணியென்றால் ஒரு வார்த்தை கேட்டு விட்டுப் போங்கோ.

ஸ்காபரோத் தோட்டம்

பின்வளவில் நடுகிறவர்களுக்கு. ஜூவல், பிரிஸ்டல், மங்கர் மூன்றும் நன்றாகத் தெரிந்த வகைகள். ஒரு வருசக் காத்திருப்பு வேண்டாம் என்றால் நிவாட். அது முதல் வருசத் தடியிலேயே இலையுதிர் காலத்தில் ஒரு தரம் காய்க்கும். செடிக்குச் செடி மூன்றிலிருந்து நாலு அடி. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நின்ற பாத்தியில் நாலு வருசத்துக்கு நட வேண்டாம், வேட்டிசீலியம் வாடல் என்ற பூஞ்சண நோய் மண்ணில் காத்திருக்கும். நம்ம ஆக்கள் பின்வளவில் வேறு என்ன நடுகிறார்கள்? அதுதான் இங்கே கறுப்பு ராஸ்பெரி பட்டுப் போவதற்குப் பெரிய காரணம். மூன்று வருசம் கத்தரி நின்ற இடத்தைத் துப்புரவாக்கி ராஸ்பெரி நடுவார்கள். யூலைச் சூட்டில் ஒரு பக்கத் தடி மட்டும் மஞ்சளாகி, நீலக் கோடு விழுந்து வாடும். அதற்கு மருந்து இல்லை.

சிவப்பு ராஸ்பெரிக்கும் இதற்கும் வெட்டு வேறு. சிவப்பு வேரிலிருந்து கன்று விடும், கறுப்பு விடாது. அதனால் கோடையில் புதுத்தடி 60 முதல் 75 சென்ரிமீற்றர் உயரும்போது நுனியில் ஒரு சாண் வெட்டாமல், நாலு விரல் அளவு மட்டும் கிள்ளி விட வேணும். எல்லாத் தடியும் ஒரே நாளில் அந்த உயரத்துக்கு வராது, ஆகவே கிழமைக்கு ஒரு தரம் சுற்றி வாருங்கோ. கிள்ள மறந்தால் தடி பத்தடி ஓடி நிலத்தில் படுக்கும், பழம் நுனியில் மட்டும். கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். பங்குனியில், மொட்டு வீங்க முதல், அந்தக் கிளைகளை 20 முதல் 30 சென்ரிமீற்றருக்கு வெட்டி, ஒரு செடிக்கு ஐந்து தடி மட்டும் விடுங்கோ. காய்த்து முடிந்த தடியை அந்தக் கிழமையே அடியோடு வெட்டி வளவுக்கு வெளியே போட வேணும். சாம்பல் நடுவும் ஊதா ஓரமுமாகக் குழிந்த புள்ளி தடியில் கண்டால் அது அந்திரக்நோஸ் என்ற பூஞ்சண நோய், பழைய தடியில்தான் குளிர்காலம் கழிக்கும்.

இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி கொட்டினால் வெட்டிப் பிரயோசனம் இல்லை. ஒறேஞ்ச் ரஸ்ட் வேர் வரைக்கும் இறங்கின நோய், முழுச் செடியையும் தோண்டி எடுங்கோ.

இன்னொரு தலையிடி புள்ளிச் சிறகு ஈ. மற்றப் பழ ஈ அழுகினதில் முட்டையிடும், இது பழுத்து வருகிற நல்ல பழத்திலேயே துளைத்து வைக்கும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஒன்று விடாமல் பறித்து, உடனே குளிர்சாதனப் பெட்டி. சந்தேகம் என்றால் ஒரு கோப்பை தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து ஒரு பிடி பழத்தைப் போடுங்கோ, கால் மணியில் புழு இருந்தால் வெளியே வரும்.

மெல்பேண் முள்

அவுஸ்திரேலியாவில் கறுப்புப் பெரி என்று ஓடையோரம் நிற்பது பெரும்பாலும் ஐரோப்பிய பிளாக்பெரி. இங்கே அது களை, மருந்தடிப்பார்கள். இலை வாடி, கபில நிறமாக, அல்லது சாயம் பட்ட மாதிரிப் புள்ளியோடு இருந்தால் பழம் எவ்வளவு நல்லாக இருந்தாலும் தொடாதேயுங்கோ. அடித்த முதல் சில நாள் ஒன்றுமே தெரியாது என்பதால் பாதையோரத்தில் அறிவித்தல் பலகை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மூதூர்க்கரை

எங்களுக்குப் பறிக்க ஒன்றும் இல்லையா? எல்லாம் கனடாக் கதையாகவே போகுது.

உப்பாற்றங்கரை

இருக்கிறது, முள்ளும் கறுப்பும் தாராளமாக. சூரை: கொக்கி முள், பற்றையாகப் பின்னிப் படரும், மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பழம், ஒரு கொட்டை, புளிப்பு இனிப்பு. ராஸ்பெரிப் பற்றைக்குள் நுழைகிற அதே பாடு. கிளா: முள் இரண்டாகப் பிளந்து நிற்கும், ஒடித்தால் வெள்ளைப் பால். கருஞ்சிவப்பில் பறித்தால் பால் ஒட்டும், நல்லாகக் கறுத்து மெதுவாகும் வரைக்கும் விட்டுப் பறித்து, உப்புத் தண்ணியில் கழுவினால் பிசின் போகும். ஜாம் வேணும் என்றால் இதுதான் பழம்: கொட்டை நீக்கின கூழ் ஒரு கிலோவுக்குச் சீனி 700 கிராம், பாதித் தேசிக்காய்ச் சாறு. புளிப்பும் பெக்ரினும் தானாகவே இருப்பதால் சீக்கிரம் இறுகும், அதிகம் காய்ச்சினால் றப்பர் ஆகிவிடும். ஆனி, ஆடியில் நாவலும் பாலையும்.

பாலைப்பழத்துக்குக் காட்டுக்குள் தனியே போகாதேயுங்கோ. கரடிக்கும் அதுதான் பருவம், அதே மரத்தடியில்தான் நிற்கும். கந்தளாய், தம்பலகாமப் பக்கம் யானையும் உண்டு. பால் வருகிற கறுப்புப் பழம் எல்லாம் கிளா இல்லை. பிளந்த முள்ளும் எதிரெதிர் இலையும் சேர்ந்து இருந்தால் மட்டும்.

மலைநாட்டு மண்

நிலாவெளித் தம்பி, கறுப்பு ராஸ்பெரி மாதிரி ஒன்று தோட்டத்தில் உறுதியாகக் காய்க்க வேணும் என்றால் மல்பெரியையும் ஒன்று நட்டு விடுங்கோ. பென்சில் மொத்தத் தடி, 20 சென்ரிமீற்றர், நாலு கணு; இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. நிழலில் நாலு கிழமையில் வேர். உயர வளர விடாமல் நெஞ்சு மட்டத்தில் வெட்டி வையுங்கோ. காய்க்க வைக்கிற வழி: கிளை நுனியை வெட்டி, இலை எல்லாவற்றையும் உருவி, தண்ணி விட்டால் புதுத் துளிரோடேயே பூ வரும், ஒன்றரை இரண்டு மாதத்தில் பழம். வருசத்தில் இரண்டு மூன்று தரம் செய்யலாம். நுனி இலை சுருண்டு கொத்தாகி வெள்ளை மாவு தெரிந்தால் மாப்பூச்சி, அந்த நுனியை வெட்டி எரியுங்கோ. வலை போடாவிட்டால் குயிலும் அணிலும் முந்தி விடும்.

நிலாவெளிக்கிணறு

பெரல் இரண்டு கிடக்கு, மைசூருக்கு ஒன்று, மல்பெரி தரையில். மல்பெரிக்கும் மழைத்தண்ணி தானா? பழக்கறை சட்டையில் பட்டால் போகாது என்கிறார்களே?

மலைநாட்டு மண்

மல்பெரி ராஸ்பெரியை விட உப்பைத் தாங்கும், மாரித் தண்ணியில் வேர் பிடித்துவிட்டால் கிணறு போதும். ஆனால் முதல் ஆவணியில் மட்டும் கிழமைக்கு ஒரு வாளி நல்ல தண்ணி விடுங்கோ. கறைக்கு, பழுக்காத வெள்ளை மல்பெரிக் காயை நசித்து உடனே தேய்த்தால் கனக்கக் கழரும். காய்ந்த பிறகு தேய்த்துப் பலன் இல்லை.